ஞாயிற்றுச் சோற்றில் மண் போடும் சிக்கன உபதேசிகள்

(ஒரு தோட்டக் கிராணி எழுதுவது)

நம் சமூகத்தில் உபதேசிகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டதாக எக்காலத்திலும் நாம் கேள்விப்பட்டதில்லை. முன்பு மோட்சத்துக்கு வழி சொன்னவர்கள் போக, இப்பொழுது சிக்கனத்துக்கு வழி சொல்லும் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. மோட்ச உபதேசியை நம்பியவன் செத்த பிறகுதான் ஏமாந்தான். சிக்கன உபதேசியை நம்புகிறவனோ உயிரோடிருக்கும்போதே தன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை இழந்துவிடுகிறான். இக்கூட்டத்தார் பட்டணத்து மண்டபங்களில் மின்விசிறியின் கீழ் நின்றுகொண்டு, தொழிலாளியின் கையில் காசு தங்குவதில்லையென்றும், அதனாலேயே அவன் தொழிலாளியாக இருக்கிறான் என்றும் பேசுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. தட்டுகிற கைகளில் பாதி தொழிலாளியின் கைகளே என்பதுதான் வேடிக்கை.

இவ்வாரம் இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு புகைப்படம். எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டிய ஒரு கிழவரின் பேரன் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறான். ஆள் சேர்த்துவிடும் ஏஜென்சி மூலமாகக் கிடைத்த வேலை. இத்தனை மணி நேரம் கட்டாயம் தருவோம் என்ற வாக்குறுதி அதில் கிடையாது. ஒரு ஞாயிறு மத்தியானம் உடன் வேலை செய்யும் இருவரோடு அவன் ஒரு பப்பில் உட்கார்ந்து சாப்பிட்டான். அந்தத் தட்டைப் படம் பிடித்துத் தாத்தாவுக்கு அனுப்பி, நாளைக்கு வேலை உண்டு, அடுத்த வாரம் உண்டா என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்றும் இரண்டு வரி எழுதியிருந்தான். படம் கைத்தொலைபேசி வழியாக லயம் முழுவதும் சுற்றி ஆபீசுக்கும் வந்து சேர்ந்தது. கிழவர் சந்தோஷப்பட்டார். மற்றவர்களோ, "நிலையில்லாத வேலைக்காரனுக்குப் பப்புச் சாப்பாடு ஒரு கேடா?" என்று ஆரம்பித்தார்கள். பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒரு கனவான், அடுத்த சொற்பொழிவுக்கு உதாரணம் கிடைத்ததென்று அந்தப் படத்தைத் தம் தொலைபேசியில் வாங்கியும் வைத்துக்கொண்டார். அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் சொல்ல வேண்டியதை இங்கே பகிரங்கமாகச் சொல்லிவிடுவது உத்தமமென்று தோன்றுகிறது.

முதலில் ஒன்று. நான் கள்ளுக்கோ பீருக்கோ வக்காலத்து வாங்க வந்தவனல்லன். செக்ரோல் எழுதுகிறவனுக்குச் சம்பள நாளின் மறுநாள் பிரட்டுக் களத்தில் எத்தனை பேர் குறைவார்கள் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடித்துக் கெட்ட குடும்பங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லவும் என்னால் முடியும். ஆனால், குடியைக் கண்டிக்கும் சாக்கில் சாப்பாட்டையும் சேர்த்துக் கண்டிப்பதும், சாப்பாட்டைக் கண்டிக்கும் சாக்கில் வேலையின் நிலையின்மையை மறைப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. அதைத்தான் நான் மறுக்கிறேன்.

பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் குறுக்கம். பொது வீடு என்று பொருள். இங்கிலாந்தில் ஞாயிறு மத்தியானம் அங்கே கிடைப்பது பெரும்பாலும் ரோஸ்ட் எனப்படும் சாப்பாடு: அடுப்பினுள் வாட்டி எடுத்த மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ கோழியோ, கொழுப்பில் மொறுமொறுப்பாக வெந்த உருளைக்கிழங்கு, அவித்த காய், மேலே ஊற்ற இறைச்சிச் சாற்றுக் குழம்பு. இதனோடு யார்க்ஷயர் புட்டிங் என்று ஒன்று உண்டு. புட்டிங் என்றதும் இனிப்புப் பண்டமென்று எண்ணிவிட வேண்டாம். மாவும் முட்டையும் பாலும் கரைத்துச் சூடான கொழுப்பில் ஊற்றி உப்ப வைப்பது அது. ஏழை வீடுகளில் இதை முதலில் பரிமாறிவிடுவார்களாம். மாவு வயிற்றில் பாதியை அடைத்துவிட்டால், பிறகு வரும் சிறிதளவு இறைச்சி எல்லாருக்கும் எட்டும் என்பது கணக்கு. சிக்கனம் தெரியாதவன் என்று நாம் ஏசுகிற தொழிலாளி கண்டுபிடித்த சிக்கனம் இது. நம் வீட்டில் கருவாட்டுத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பானைச் சோற்றைச் செலவழித்த தாய்மாருக்கு இது புதிதாகப் படாது.

(இன்னொரு பண்டமும் உண்டு: உழவன் பகலுணவு என்று பெயரிட்டு, ரொட்டியும் பாற்கட்டியும் ஊறுகாயும் வைத்துத் தருவார்கள். வயற்காட்டு மணம் வீசும் இப்பெயரைப் பரப்பியது 1950-களிலும் 1960-களிலும் பாற்கட்டி விற்பனைக்காக விளம்பரம் செய்த சபைகளே. உழவன் பாவம், தன் பெயரில் ஒரு சாப்பாடு விலைபோவதை அறியாமலே உழுதுகொண்டிருந்தான்.)

இந்த ஞாயிற்றுச் சாப்பாட்டை ஏழைக்கு யாரும் தட்டில் வைத்து நீட்டிவிடவில்லை. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. நம்முடைய சிக்கன உபதேசிகள் பேசுகிற பேச்சை இருநூறு வருஷங்களுக்கு முன்பே இங்கிலாந்தில் பேசி முடித்திருக்கிறார்கள் என்பதைக் காட்டவாவது அதைச் சொல்ல வேண்டும்.

1830-களில் சர் ஆண்ட்ரூ ஆக்னியூ என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் ஞாயிற்றுக்கிழமையை முழுவதும் கடவுளுக்கே ஒதுக்கிவிட வேண்டுமென்று மசோதாவுக்குமேல் மசோதாவாகக் கொண்டுவந்தார். அக்காலத்து ஏழை வீடுகளில் இறைச்சி வாட்டும் அடுப்புக் கிடையாது. ஞாயிறு காலையில் இறைச்சித் துண்டையும் கிழங்கையும் ஒரு தட்டில் வைத்து, துணியால் மூடி, தெருவிலிருக்கும் ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோவார்கள். ரொட்டி சுடாத அந்த நாளில் கடைக்காரர் தம் பெரிய அடுப்பில் ஊராரின் தட்டுகளையெல்லாம் வைத்து வாட்டிக் கொடுப்பார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அந்தக் குடும்பம் இறைச்சியின் முகம் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடையைச் சாத்தினால் ஏழையின் அடுப்பு அணைந்ததாகத்தான் பொருள். பிரபுவின் மாளிகையிலோ சமையற்காரர்கள் வழக்கம்போல் சமைப்பார்கள். அந்த அடுப்பைச் சாத்த எந்த மசோதாவும் வராது. இந்த அநியாயத்தைக் கண்டு கொதித்து, 1836-ஆம் ஆண்டில் டிமோத்தி ஸ்பார்க்ஸ் என்ற புனைபெயரில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அவர் வேறு யாருமல்லர், சார்லஸ் டிக்கென்ஸ். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து நான்கு. மசோதா சட்டமாகவில்லை. ஏழு வருஷம் கழித்து எழுதிய கிறிஸ்துமஸ் கதையிலும் ஏழைகள் தட்டுத் தூக்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போவதை அவர் மறவாமல் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் அக்கதையை இங்கிலீஷில் நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதிய நம்மவர் பலருக்கு, அந்தத் தட்டுகள் ஏன் அங்கே வருகின்றன என்பது மட்டும் தெரியாது.

1855-இல் மீண்டும் அதே கதை. முந்திய வருஷமே பப்புகளின் ஞாயிற்று நேரத்தைச் சட்டம் குறுக்கியிருந்தது. அது போதாதென்று, இலண்டனில் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தையே தடுக்க லார்டு ராபர்ட் குரோவ்னர் ஒரு மசோதா கொண்டுவந்தார். தொழிலாளிக்குச் சனிக்கிழமை இரவில்தான் கூலி கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாவிட்டால் அவன் எப்பொழுது வாங்குவான்? சனங்கள் ஹைட் பார்க்கில் திரண்டார்கள். அங்கே சாரட்டு வண்டிகளில் உல்லாசமாக உலாவந்த சீமான்களையும் சீமாட்டிகளையும் இருபுறமும் நின்று கேலி செய்து, நீங்கள் முதலில் கோவிலுக்குப் போங்கள் என்று கூவினார்கள். ஜூன் 24-ஆம் தேதி ஒரு கூட்டம், ஜூலை 1-ஆம் தேதி அதனினும் பெரிய கூட்டம். போலீஸார் தடியால் அடித்தார்கள். ஆனால் மசோதா வாபஸாயிற்று. தொழிலாளியின் பப்புக்கு நேரம் வகுத்த அதே கனவான்களின் கிளப்புகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கதவு திறந்தே இருந்தது என்பதைக் கூட்டத்தார் எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

கிளப் என்றதும் மலாயாவின் பழைய துரைமார் நினைவுக்கு வராமல் போகமாட்டார்கள். ஞாயிறு மத்தியானம் கிளப்பிலும் பங்களாவிலும் அவர்களுக்குக் கறி டிஃபின் என்ற பெரிய விருந்து நடக்கும். நம்மூர்க் கறியும் சோறும், அதற்கு முன்னே ஜின், அதற்குப் பின்னே நீண்ட தூக்கம். அந்தத் துரையின் வேலையும் நிலையானதன்று. 1930-32 ரப்பர் மந்தத்தில் இரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது எத்தனையோ வெள்ளைக்காரத் துரைமார் வேலையிழந்து கப்பலேறினார்கள். ஆயினும், கறி டிஃபின் சாப்பிட்டதால்தான் துரைக்கு இக்கதி நேர்ந்ததென்று யாரும் பிரசங்கம் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. துரைக்கு வேலை போனால் உலகச் சந்தை காரணம். கூலிக்கு வேலை போனால் அவன் வாய் காரணம்! இந்த வியாக்கியானத்தை வெள்ளைக்காரன் விட்டுப் போன பிறகும் நாம் பத்திரமாக வைத்துக் காப்பாற்றி வருகிறோம்.

இனிக் குடியின் பக்கம் வருவோம். அதிலும் உபதேசிகள் சொல்லாமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. இங்கிலாந்தில் முன்பு தொழிலாளிக்குக் கூலி கொடுக்கும் இடமே பப்பாக இருந்ததுண்டு. கங்காணியைப் போன்ற மேஸ்திரி பப்பில் உட்கார்ந்துகொண்டு, சில்லறை வரட்டும் என்று காக்க வைப்பான். காத்திருக்கும் நேரத்தில் குடிக்காதவன் அடுத்த வாரம் வேலை கிடைக்காதென்று அஞ்சுவான். இதைக் கண்டு, 1842-இல் சுரங்கத் தொழிலாளருக்குப் பப்பில் கூலி கொடுப்பதைச் சட்டம் தடுத்தது. 1883-இல் அத்தடையை மற்றத் தொழிலாளருக்கும் விரித்தார்கள். கூலியையும் குடியையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் குற்றம் குடிப்பவனுடையது மட்டுமன்று என்பதை அந்நாட்டுப் பார்லிமெண்டு அன்றே ஒப்புக்கொண்டது.

அதே பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவில் என்ன செய்தது? தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. அதற்கு லைசென்சு இருந்தது. மேற்பார்வை மானேஜருடையது. காலையில் வேலை வாங்கியவரே மாலையில் கள்ளு விற்பனைக்கும் பொறுப்பாளர். தன் நாட்டில் 1883-இல் அநியாயமென்று தள்ளியதை நம் நாட்டில் 1930-களிலும் நிர்வாகமென்று நடத்திக்கொண்டிருந்தார்கள். இதை எதிர்த்தவர்கள் பட்டணத்துச் சீர்திருத்தக்காரர்கள் மட்டுமல்லர். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, நல்ல வைத்திய வசதி, துரையின் முன்னும் கிராணியின் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். குடியை நிறுத்து என்று தொழிலாளியே கேட்டபோது அவனுக்குக் கிடைத்தது குண்டு. இச்சரித்திரத்தை ஒரு பக்கத்தில் மூடி வைத்துவிட்டு, குடியைத் தொழிலாளியின் பிறவிக் குணமென்று பேசுகிறவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இந்த இடத்தில் கிராணிமாராகிய நம்மவருக்கும் ஒரு வார்த்தை. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர்களின் வரிசையில் நம் உத்தியோகமும் இருந்தது. பட்டணத்துக் கனவானோடு சேர்ந்து சிரிப்பதற்கு முன் அதை நினைத்துக்கொள்வது நலம்.

பப்பிலே குடும்பமாக உட்கார்ந்து பகலுணவு உண்பது இங்கிலாந்திலும் பழைய வழக்கமன்று. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மது பரிமாறும் அறைக்குள் விடக்கூடாதென்றது. முதல் மகாயுத்த காலத்தில், ஆயுதச்சாலை வேலை கெடுகிறதென்று காரணம் காட்டி, மத்தியானத்துக்குப் பின் சில மணி நேரம் பப்புகளைச் சாத்தும் ஏற்பாடு வந்தது. யுத்தம் 1918-இல் முடிந்தது, ஏற்பாடு முடியவில்லை. வாரநாட்களில் 1988 வரையும், ஞாயிற்றுக்கிழமையில் 1995 வரையும் அது நீடித்தது. ஆகவே பல தலைமுறைகளாக நடந்தது என்னவென்றால், ஞாயிறு மத்தியானம் ஆண்பிள்ளை பப்பில் நின்று குடிப்பான். மனைவி வீட்டில் அடுப்பின் முன் வேர்த்து இறைச்சி வாட்டுவாள். கதவு சாத்திய பிறகு அவன் வந்து உட்கார, அவள் பரிமாறுவாள். ஓய்வு நாள் என்பது அவனுக்குத்தான். பிற்பாடு குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்குத் தண்டனை கடுமையாயிற்று, 2007-இல் உள்ளே புகைபிடிப்பதும் தடையாயிற்று, குடியை மட்டும் விற்று வாழ முடியாத பப்புகள் சமையலறையைப் பெருக்கின. இப்பொழுது பெண்ணும் பிள்ளையும் கிழவியும் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். சமைக்கும் பெண்ணுக்கும் வாரத்தில் ஒரு வேளை ஓய்வு. பெண் விடுதலையை மேடைதோறும் பேசும் நாம், அந்த ஒரு வேளைக்கு விலையைக் கணக்குப் பார்த்து ஆடம்பரமென்று ஏசலாமா? நின்றுகொண்டு குடித்ததைவிட உட்கார்ந்து உண்பது மேல் என்று சொல்ல ஒரு சீர்திருத்தக்காரன் ஏன் கூச்சப்பட வேண்டும்?

கணக்குப் பார்ப்பதே நம் தொழிலாதலால் கணக்கையும் பார்த்துவிடுவோம். சாதாரணப் பப்பில் ஒரு ரோஸ்ட் சாப்பாட்டுக்கு 15 முதல் 20 பவுன் வரை ஆகிறது. 2025 ஏப்ரலில் பிரிட்டனில் இருபத்தொரு வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுன் 21 பென்ஸாக இருந்தது. ஆகவே அந்தத் தட்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேர உழைப்பு. உபதேசியின் சொல்லைக் கேட்டு அந்தப் பிள்ளை வருஷத்தில் 52 ஞாயிறும் பட்டினி கிடக்காமல் வீட்டில் ரொட்டி தின்று, வாரத்துக்கு 18 பவுன் மிச்சம் பிடிக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். வருஷ முடிவில் 936 பவுன். பிரிட்டனில் தனியாரிடம் எடுக்கும் வீட்டுக்குச் சராசரி வாடகை 2025-இல் மாதம் 1,300 பவுனைத் தாண்டிவிட்டது. ஒரு வருஷ விரதத்தின் பலன் ஒரு மாதக் குடிக்கூலிக்கே முக்கால் பங்குதான் வரும்! இந்த 936 பவுனை வைத்துக்கொண்டா அவன் வேலை போன காலத்தைக் கடத்தப் போகிறான்?

"ஒன்றுமில்லாததற்கு அதுவாவது இருக்கட்டுமே" என்பார்கள். வேலை நிலையில்லாதவன் அல்லவா அதிகம் சேர்க்க வேண்டும் என்றும் கேட்பார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் சேமிப்பு என்பது வருமானம் தெரிந்தவனுடைய கலை. மாதம் இவ்வளவு வரும், இவ்வளவு போகும் என்று எழுதக்கூடியவனே மீதியை எழுத முடியும். நான் மாதச் சம்பளக்காரன், என்னால் முடியும். பால் வெட்டுகிறவனைப் பாருங்கள். விடியலில் மழை பெய்தால் மரம் நனைந்து வெட்டில்லை. தொடர்ந்து மழை பெய்தால் வாரமே இல்லை. அவனுடைய சேமிப்பு என்பது ஒரு மாதம் ஏறுவதும் அடுத்த மாதம் இறங்குவதுமாக, கடைக்காரனின் பற்றுப் புத்தகத்தில்தான் இருக்கும். நல்ல மாதத்தில் அவன் ஒரு கோழி அடித்துச் சாப்பிட்டால், அந்தக் கோழியை எந்தக் கடைக்காரனும் திரும்பப் பிடுங்க முடியாது. மிச்சம் வைத்த காசையோ மழை பிடுங்கிவிடும். அறிவில்லாமல் அவன் அப்படிச் செய்யவில்லை. கண்டு அனுபவித்த கணக்கு அது.

நம் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1930 முதல் 1932 வரை மந்தத்தின்போது ஆயிரமாயிரமாக நம்மவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பினார்கள். சிக்கனக்காரன் இவன், செலவாளி அவன் என்று பிரித்தா ஏற்றினார்கள்? 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டுமென்ற விதி அமலானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள். அவர்களில் நகை சேர்த்தவனும் இருந்தான், சீட்டுக் கட்டியவனும் இருந்தான், ஒரு சொட்டுக் கள்ளும் தொடாதவனும் இருந்தான். பிறகு தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. வீடமைப்புத் திட்டமும் கோல்ஃப் திடலும் ஆயின. மரத்தின் கீழ் நாற்பது வருஷம் நின்றவனுக்கு வேலை போன அன்றே வீடும் போயிற்று. ஏனெனில் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. நம் நாட்டில் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆட்குறைப்புக்கு உள்ளானவனுக்கு, ஐந்து வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்திருந்தால், வருஷத்துக்கு 20 நாள் கூலி உண்டு. நாற்பது வருஷத்துக்கு 800 நாள் கூலி என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். அந்தத் தொகையைக் கொண்டு ஒரு வீடு வாங்க முடியுமா என்பதைக் கனவான்கள் வீடு விற்கும் தம் நண்பர்களிடமே விசாரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கோழியை விட்டிருந்தால் வாங்கியிருப்பான் என்று சொல்லத் துணிகிறவர் யார்?

சிக்கனமும் செலவும் காலத்துக்கேற்ப ஆளுவோர் வசதிக்கு எப்படிப் பெயர் மாறுகின்றன என்பதற்கு மிகப் பழைய உதாரணம் தேவையில்லை. 2020 மார்ச் 20-ஆம் தேதி, கொள்ளைநோய் காரணமாகப் பிரிட்டனில் பப்புகளெல்லாம் சாத்தப்பட்டன. வேலையில்லாமல் வீட்டிலிருத்தப்பட்டவர்களுக்கு அரசாங்கம் கூலியில் 80 சதவிகிதத்தை, மாதம் 2,500 பவுனுக்கு மேற்படாமல், கொடுத்தது. ஜூலை 4-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தில் கதவுகள் திறந்தன. மறுநாள் ஞாயிறு. தன் வேலை திரும்பக் கிடைக்குமா என்று அறியாத எத்தனையோ பேர் மூன்றரை மாதத்துக்குப் பின் முதன்முறையாக வெளியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பொழுது அவர்களை யாரும் ஊதாரிகளென்று ஏசவில்லை. ஏனெனில் பப்புக்கு வியாபாரம் வேண்டியிருந்தது. ஆகஸ்டு மாதத்தில் அரசாங்கமே முன்வந்து, திங்கள் முதல் புதன் வரை வெளியே சாப்பிடுகிறவர்களின் பில்லில் பாதியை, தலைக்குப் பத்துப் பவுன் வரை, தானே கட்டியது. மதுவுக்கு மட்டும் அச்சலுகை இல்லை. அவ்வாறு மக்கள் நெருங்கி உட்கார்ந்ததால் நோய் பரவிற்று என்ற குறை பின்னர் எழுந்தது. அது வேறு விவாதம். நமக்கு வேண்டியது இவ்வளவே: கடைகளுக்குப் பணம் தேவைப்பட்டபோது தொழிலாளியின் செலவு தேசபக்தியாயிற்று; முதலாளி ஆள் குறைக்கும்போது அதே செலவு துர்க்குணமாயிற்று. தட்டும் அதுவே, கிழங்கும் அதுவே.

இன்னும் ஒருவரை இப்பேச்சில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்தப் படத்தில் தட்டைக் கொண்டுவந்து வைத்த ஒரு கை ஓரமாகத் தெரிகிறது. அது யாருடைய கை? பிரிட்டனில் நேர உத்தரவாதமில்லாத ஒப்பந்தங்களில் சுமார் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமான பங்கினர் ஓட்டல், பப் போன்ற இடங்களில் பரிமாறுகிறவர்களும் சமைக்கிறவர்களும். கூட்டம் குறைந்தால் பாதி நாளில் வீட்டுக்குப் போகச் சொல்லலாம். போன பாதிக்குக் கூலியில்லை. ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்டு வேறெங்கும் வேலை செய்யக்கூடாதென்ற நிபந்தனையை 2015-இல்தான் சட்டம் நீக்கிற்று. சாப்பிட்டவர்கள் அன்பளிப்பாக வைத்த காசை முழுவதும் தொழிலாளருக்கே கொடுக்க வேண்டுமென்ற சட்டம் 2023-இல் நிறைவேறி, 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அந்தக் காசில் கைவைத்த முதலாளிகள் இருந்தார்கள் என்பதை வேறு எப்படிச் சொல்ல? ஆக, மேஜையின் இருபுறமும் நிலையில்லாத வேலைக்காரர்களே. உட்கார்ந்தவனுக்கு அடுத்த வாரம் நிச்சயமில்லை. நின்றவளுக்கு அடுத்த மணி நிச்சயமில்லை. உட்கார்ந்தவன் வராவிட்டால் நின்றவளின் மணிகள்தான் முதலில் குறையும். ஊரிலுள்ள நிலையில்லாத வேலைக்காரர் எல்லாரும் உபதேசியின் சொல்லைக் கேட்டு ஒரே ஞாயிற்றில் சிக்கனம் பிடித்தால், திங்கட்கிழமை வேலையிழக்கிறவர்களும் அவர்களைப் போன்றவர்களாகவே இருப்பார்கள்.

இவற்றையெல்லாம் சொன்னபோது பட்டணத்துக் கனவான் என்னைப் பார்த்து, "அப்படியானால் சேமிக்கவே வேண்டாமென்கிறீரா, கிராணியாரே?" என்று கேட்டார். சேமிக்கட்டும். தொழிலாளியின் சேமநிதிக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கைச் சரியாகக் கட்டட்டும். கான்டிராக்டர் தலையில் பொறுப்பைத் தள்ளிவிட்டுக் கைகழுவும் தோட்ட நிர்வாகங்களைக் கேட்கட்டும். நம் தோட்டங்களில் இன்று செம்பனை வெட்டும் இந்தோனேசியனும் வங்காளதேசத்தானும் எத்தனை நாள் முன்னறிவிப்போடு அனுப்பப்படுகிறார்கள், அவர்களுடைய கடவுச்சீட்டு யார் பெட்டியில் பூட்டியிருக்கிறது என்பவற்றை விசாரிக்கட்டும். சட்டப்படி வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு உண்டு. அந்த ஓய்வு நாளில் மேலதிக வேலைக்கு வராதவனின் பெயரை மறுவாரம் எந்தப் பட்டியலிலிருந்து யார் அடிக்கிறார்கள் என்பதைக் கேட்கட்டும். இவ்வளவையும் கேட்டு முடித்த பிறகு, நேரமிருந்தால், ரோஸ்ட் சாப்பாட்டைப் பற்றியும் பேசட்டும்.

கனவான் பதில் சொல்லவில்லை. மணி ஒன்றரை ஆகிவிட்டதென்றும், பட்டணத்து ஓட்டலில் சங்கத்தின் வருடாந்தர விருந்துக்கு நேரமாகிறதென்றும் சொல்லி எழுந்தார். அடுத்த மாதம் சிக்கன வாரக் கூட்டத்தில் அவர் பேசுகிறாராம். தொழிலாளர்கள் திரளாகப் போகவேண்டும் என்பதே என் கோரிக்கை. போகிறவர்கள் கைதட்டுவதற்கு முன், வேலையை விட்டு நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு, நிறுத்தினால் வீட்டைக் காலிசெய்ய எத்தனை நாள் தவணை என்ற இரண்டு கேள்விகளையும் காகிதத்தில் எழுதித் தலைவரிடம் கொடுக்கட்டும்.